பார்த்தவர் யாராவது உண்டா

பூட்டு ரிப்பேர்க்காரர் தன் நிழலையே இரண்டு தரம் திரும்பிப் பார்க்கிற ஆள். மனைவி போன பிறகு, சாப்பிட உட்கார்ந்தால் கதவைத் தாழ்போட்டுவிடுவார். திறந்து வைத்தால் படியில் போகிறவனை "வாங்க, சாப்பிடலாம்" என்று கூப்பிட வேண்டிவரும். அவனும் வந்து தொலைப்பான்.

அப்படித் தாழ்போட்டுத் தின்றதுதான் அந்த டின் மீன். அந்தக் கம்பெனி மீனைத் தின்ற பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். இவருக்கு உயிர் மிஞ்சியது, விரல்கள் மரத்துப்போயின. சாவியை எடுத்தால் கையில் இருப்பதே தெரியவில்லை. நஷ்ட ஈடு வந்தால்தான் இனி அடுப்பு எரியும்.

வக்கீலம்மா கேட்டார்: "டின் எங்க பெரியவரே?"

"வீட்லதான் இருக்கு. ஒட்டியிருந்த பேப்பரை உரிச்சு, சோப்புப் போட்டுக் கழுவி, பூட்டு ஸ்பிரிங் போட்டு வெச்சிருக்கேன்."

"நல்லா கெடுத்தீங்க. பில்லு?"

"பில்லு கேட்டா வரி சேத்துப் போடுவான்."

"நீங்க சாப்பிட்டதப் பாத்தவங்க யாராச்சும்?"

"கதவத் தாழ்போட்டிருந்தேன்."

விஷயம் எதிர்வீட்டு பஸ் டிரைவர் காதுக்கு எட்டியது. படியில் மறித்தார். "விசாரணைக்கு நான் வரேன்."

"எவ்வளவு பங்கு கேப்பீங்க?"

"பங்கை நீங்களே உப்புப் போட்டு ஊறவைங்க. அன்னிக்கு நீங்க வாந்தி எடுத்தது கேட்டுக் கதவத் தட்டினேன். 'கடன் கிடையாது, போய்யா'ன்னு கத்தினீங்க. அப்புறம் சத்தமே இல்ல. கதவ ஒடச்சா, தட்டுப் பக்கத்துல டின்னு, பேப்பரோட. தூக்கிட்டுப் போனது யாருன்னு நெனச்சீங்க?"

"ஆஸ்பத்திரி ஆளுங்கன்னு. கதவுக்கு அவங்கமேலயும் ஒரு கேஸ் போடலாம்னு இருந்தேன்."

விசாரணை அன்று டிரைவர் லீவு போட்டு வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பெரியவர் நாலடி தள்ளியே நின்றார். கூப்பிட்டதும் அவர் மட்டும் உள்ளே போனார்.

உள்ளே அதிகாரி கேட்டார்: "சாட்சி பேரு?"

பெரியவர் வாயைத் திறந்தார். எதிர்வீடு. காக்கிச் சட்டை. விடிந்ததும் இருமுகிறவர். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

கம்பெனி வக்கீல் சிரித்தார். "வாடகைக்குப் பிடிச்ச ஆளு போல. எவ்வளவு நாள் பழக்கம்?"

"பழக்கமில்ல. எதிர்வீடு."

"போய்க் கேட்டுட்டு வாங்க" என்றார் அதிகாரி.

வெளியே வந்தார். "உங்க பேரு கேக்கறாங்க."

டிரைவர் அவரையே பார்த்தார். "யாரு கேக்கறாங்க?"

பெரியவர் மரத்த விரல்களைத் தேய்த்துக்கொண்டார். "நான்தான்."

டிரைவர் சொன்னார். பெரியவர் அதை வாய்க்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு உள்ளே போனார்.