பூரணி பேசி வாங்கிய அம்மா

ராகலைப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில், கூலிகளின் வரிசை வீடுகளான லயங்களில், பூரணியிடம் வாயைக் கொடுத்து ஜெயித்தவர்கள் யாரும் இல்லை. வயது என்னவோ ஒன்பதுதான். மற்றப் பிள்ளைகள் கங்காணி வீட்டுக் கொய்யா மரத்தடியில் நின்று, "பெரியம்மா, ஒரு பழம் குடுங்க பெரியம்மா" என்று தொண்டை வறளக் கெஞ்சுவார்கள். கங்காணி பெண்சாதி பேச்சியம்மா விளக்குமாற்றைத் தூக்குவாள். பூரணி கெஞ்சமாட்டாள். "கீழ் லயத்துக் கொய்யாதான் இனிப்பாம்ல பெரியம்மா, எல்லாரும் பேசிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவாள். அவ்வளவுதான். "அடியே, நில்லுடி! இதத் தின்னு பார்த்துட்டு அப்புறம் சொல்லு!" என்று பேச்சியம்மாவே மடி நிறையப் பழத்தோடு பின்னால் ஓடி வருவாள். நமக்கு என்ன வேண்டும் என்று சொல்லிப் பிரயோசனமில்லை, எதிராளிக்கு எங்கே சுடுகிறது என்று பார்க்கவேண்டும். இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஆனால் அவளுக்கு வேண்டியது கொய்யாப்பழம் இல்லை. அம்மா வேண்டும்.

அம்மா சண்முகவடிவு தொலைவில் ஒன்றும் இல்லை. அண்ணாந்து பார்த்தால் தெரிகிற தோட்டத்துரை பங்களாவில்தான் இருந்தாள். வெள்ளைக்காரன் நாட்டைக் கொடுத்துவிட்டாலும் தோட்டத்தை விட்டுப் போகவில்லையே! துரையின் பெண்சாதி துரைசாணிக்குப் பெண் குழந்தை பிறந்ததும் சண்முகவடிவை ஆயா வேலைக்குக் கூப்பிட்டார்கள். மழையில் நனைந்து கொழுந்து பறிக்கவேண்டாம் என்று லயமே பொறாமைப்பட்டது. துரை வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்ல யாருக்குத் துணிச்சல்? படுக்கையும் அங்கேதான். மாதத்தில் ஒரு ஞாயிறு பகலில் வந்து, மகளுக்குத் தலை சீவி, சோறாக்கி வைத்துவிட்டு, பேபி தேடும் என்று அவசரமாக ஏறிப் போய்விடுவாள். பூரணி சாயங்காலமானால் லயத்து வாசலில் நின்று பங்களா விளக்கையே பார்ப்பாள். அம்மா இப்போது எந்த அறையில் இருப்பாள் என்று ஒவ்வொரு ஜன்னலாகத் தேடுவாள்.

அப்பா கந்தப்பன் ஒருமுறை பங்களாவுக்குப் போய், தலைத்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "புள்ள ரொம்ப ஏங்குதுங்க" என்று கெஞ்சிப் பார்த்தான். "ஆயா இங்க வேணும். நீ போ" என்றாள் துரைசாணி. அவளுடைய தமிழ் வேலை வாங்கப் போதுமான தமிழ்.

அப்பாவுக்குக் கேட்கத் தெரியவில்லை என்று பூரணி நினைத்துக்கொண்டாள்.

பேபி ஓடப் பழகிய பிறகு ஒருநாள், அம்மாவுக்கு வெற்றிலை கொடுக்கும் சாக்கில் போய் பங்களா வேலியோரம் நின்றாள். புல்வெளியில் ஓடிய பேபி தடுக்கி விழுந்தது. துரைசாணி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பாய்ந்தாள். குழந்தையோ அவளைத் தாண்டி, "அம்மா! அம்மா!" என்று தமிழில் அலறிக்கொண்டு ஓடி, ஆயாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்தது. நீட்டிய கை நீட்டியபடி இருக்க, துரைசாணி கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு அந்தக் கையால் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். பேபியைத் தேற்றிக்கொண்டிருந்த அம்மா அதைக் கவனிக்கவில்லை. பூரணி கவனித்தாள்.

மறுநாளே, துரைசாணி ரோஜாப் பாத்தியில் தனியாக நிற்கும் நேரம் பார்த்துப் போய் நின்றாள். எதையும் கேட்கவில்லை. "தொரசாணியம்மா, பேபி எங்கம்மாவத்தான் அம்மாங்குது. தொரசாணி தூக்குனா அழுவுதாம், எங்கம்மா தூக்குனா சிரிக்குதாம். லயத்துல எல்லாரும் பேசிக்கிறாங்க" என்று பெருமை அடித்துக்கொள்கிறவள் மாதிரிச் சொன்னாள். லயத்தில் யாரும் அப்படிப் பேசவில்லை. துரைசாணிக்கு அந்தத் தமிழ் அத்தனையும் விளங்கியது.

அந்த வாரமே நுவரெலியாவிலிருந்து இங்கிலீஷ் பேசும் தாதி ஒருத்தி வந்து இறங்கினாள். சண்முகவடிவு துணிமூட்டையோடு லயத்துக்கு வந்து சேர்ந்தாள். இனி பங்களாப் பக்கம் தலைகாட்டக் கூடாது, பேபி கண்ணில் படவே கூடாது என்று உத்தரவு. பூரணிக்குக் கால் தரையில் பாவவில்லை. தண்ணீர் பிடிக்கப் போனாலும் விறகு பொறுக்கப் போனாலும் அம்மாவின் முந்தானையை விடாமல் பிடித்துக்கொண்டு திரிந்தாள்.

அம்மா மறுபடி கொழுந்துக் கூடையைத் தூக்கினாள். சிரித்தாள், சமைத்தாள், தலை சீவிவிட்டாள். ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் சோற்றில் சின்னதாக ஓர் உருண்டை உருட்டி, ஊதி ஊதி ஆற்றி, பிறகு அதை என்ன செய்வது என்று தெரியாமல் தட்டோரம் வைத்துவிடுவாள்.

ஒரு மத்தியானம் பூரணி, கொழுந்து பறிக்கிற மலைக்கு அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனாள். கீழே ரோட்டில் புதுத் தாதி பேபியைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். கொழுந்து பறித்த பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். சண்முகவடிவு மட்டும் கூடையோடு செடிக்குப் பின்னால் குந்திக்கொண்டாள். வண்டி வளைவில் மறையும்வரை இலை இடுக்கு வழியே பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்தப் பார்வை பூரணிக்குப் பழக்கமானதுதான். லயத்து வாசலில் நின்ற அத்தனை சாயங்காலமும் அவளே பார்த்த பார்வை அது. ஊரார் மனதிலெல்லாம் புகுந்து வந்தவள், அம்மா மனதை மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. அங்கே தான் ஒருத்தி மட்டுமே இருப்பதாக நம்பிவிட்டாள்.

துரைசாணியிடம் மறுபடி போய் என்ன சொன்னால் அம்மாவைப் பேபியைப் பார்க்க விடுவாள் என்று மூளையைக் கசக்கினாள். ஒன்றும் தேறவில்லை. பிள்ளை தன்னைவிட்டுப் போய்விடும் என்ற துரைசாணியின் பயத்தை ஊதிப் பெரிதாக்கியவளே அவள்தானே! அதை அணைக்கிற சொல் அவளிடம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தகரக் கூரையில் மழை கொட்டியது. சாப்பிட்ட அசதியில் அம்மா பாயில் கண்ணயர்ந்தாள். பூரணி பக்கத்தில் போய்ப் படுத்தாள். தூக்கத்தில் அம்மாவின் கை துழாவி வந்து அவள் முதுகில் விழுந்து, மெல்லத் தட்டிக்கொடுத்தது.

"அழுவாத பேபி, ஆயா இங்கதானே இருக்கேன்" என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமலே.

அம்மா, நான் பூரணி என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் அம்மா விழித்துக்கொள்வாள்.

பூரணி காலை மடக்கி, தோளைக் குறுக்கி, தன்னால் முடிந்தமட்டும் சின்னப் பிள்ளையாகி அம்மாவின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டாள்.

"ம்" என்றாள்.