நேத்து முந்தநாள்

நாளைக்கு அந்தியில், மஃரிப் தொழுகைக்குப் பிறகு மர்ளியா இத்தா இருக்க வேண்டும். வெள்ளை உடுப்பு தைத்து வந்தாயிற்று. அறையைக் கழுவி, ஜன்னலுக்குத் தடித்த துணி போட்டாயிற்று. எல்லாம் தயார், அவளுடைய மனசைத் தவிர.

கணவன் மௌத்தானால் மனைவி நாலு மாசமும் பத்து நாளும் வெளியே இறங்காமல் வீட்டோடு இருப்பதுதான் இத்தா. அதை அவள் குறை சொன்னவளே அல்ல. அவளுடைய உம்மா இத்தா இருந்தாள், சாச்சியும் இருந்தாள். ஆனால் அவர்களுக்கெல்லாம் கண் முன்னால் ஒரு மையித்து இருந்தது. குளிப்பாட்டினார்கள், கபன் துணி சுற்றினார்கள், தூக்கிக்கொண்டு போனார்கள். மர்ளியாவுக்கு என்ன இருந்தது? நோன்பின் கடைசிப் பத்தில் கற்பிட்டியிலிருந்து கடல் தொழிலுக்குப் போன அவள் கணவன் அஸ்ஜத் திரும்பவில்லை. கூடப் போன நிக்கொலஸின் உடல் கரையொதுங்கியது. படகு பிளந்துபோய்க் கிடைத்தது. அஸ்ஜத்தின் ஒரு சட்டைத் துண்டுகூடக் கிடைக்கவில்லை.

"மையித்தக் காட்டுங்க, இத்தா இருக்கிறன்" என்று பள்ளிவாசல் பெரியவர்களிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அந்த வாய் எங்கிருந்து வந்ததோ! அவர்களும் பொறுத்துப் பார்த்தார்கள். தேடுகிற இடமெல்லாம் தேடிவிட்டு, இனி ஆள் இல்லை என்று முடிவு சொன்னார்கள். அப்போதும் அவள் அசையவில்லை. கடைசியில் அஸ்ஜத்தின் மூத்தவர் அத்தாஉல்லா, த்ரீவீல் ஓட்டுகிற மனுசன், வாசற்படியில் குந்தியிருந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். "என்ட தம்பி புள்ள. எனக்கு மட்டும் ஆசையா?" அதற்குப் பிறகுதான் அவள் தலையை ஆட்டினாள்.

ஆனால் ஒன்று கேட்டாள். "பிள்ளைகள அந்தச் சுருட்டப்பக் கடைக்கு ஒருக்கா கூட்டிப் போகணும் மச்சான். அங்க வச்சு நானே சொல்றன்."

பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது. எட்டு வயசு இனாஸையும் ஐந்து வயசு ஸுஹைபையும் படகு கிடைத்த அன்றைக்கே நுரைச்சோலையில் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பியிருந்தாள். வாப்பா முல்லைத்தீவுக்குத் தொழிலுக்குப் போயிருக்கிறார், போன் கடலில் விழுந்துவிட்டது, அதனால்தான் கதைக்க முடியவில்லை என்று சொல்லி வைத்தாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது உண்மை மாதிரி ஆகிவிட்டது. முல்லைத்தீவில் மழையாம் என்று யாராவது சொன்னால், அவர் நனைவாரே என்று ஒரு நொடி பதறுவாள். என்னத்தைச் சொல்ல! லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது. வகுப்பில் எந்த வாயாடியாவது போட்டு உடைப்பதற்குள் பெற்றவள் சொல்லிவிட வேண்டும்.

சுருட்டப்பக் கதை அஸ்ஜத் கிளப்பியது. கண்டக்குளிக் கடற்கரையில், பட்டம் கட்டிக் கடலில் ஓடுகிற வெள்ளைக்காரர்கள் வந்து தங்குகிற பக்கம், ஒரு சின்னக் கஃபே. அங்கே நண்டு கொடுக்கப் போனவன் அவர்கள் தின்பதைப் பார்த்துவிட்டு வந்து, பிள்ளைகளை நடுவில் வைத்துக்கொண்டு அளந்தான். "அதுக்குப் பேரு கிரேப். வேற ஒண்டுமில்ல, வெள்ளைக்காரன்ட சுருட்டப்பம். உம்மா தேங்காய்ப்பூவும் பாணியும் வச்சுச் சுருட்டுறா, அவனுகள் சொக்லட்டும் வாழைப்பழமும் வச்சு மடிக்கிறானுகள். மெல்லிசு எண்டா அப்பிடியொரு மெல்லிசு! தூக்கிப் பிடிச்சா அங்கால நிக்கிற ஆள் தெரியும்." பெருநாளைக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொன்னான். அவன் இல்லாமலே பெருநாள் வந்தது, போனது.

பெருநாளுக்கு எடுத்து, போடாமலே மடித்து வைத்திருந்த உடுப்பை, தங்கச்சி வீட்டிலிருந்து கூட்டிவந்த பிள்ளைகளுக்கு இன்றைக்குப் போட்டுவிட்டாள். அத்தாஉல்லா கஃபே வாசலில் வேப்ப மரத்துக்குக் கீழே த்ரீவீலை நிறுத்தினார், இறங்கவில்லை. "நீ போ புள்ள. சொல்லிட்டுக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

ஸுஹைப் ஓடிப்போய்க் கடலைப் பார்த்த கதிரையில் ஏறிக்கொண்டான். மர்ளியா கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அந்தத் தண்ணீரைக் கண்கொண்டு பார்க்க அவளால் முடியவில்லை. தின்ற பிறகு சொல்வோம் என்று நினைத்தாள். வயிறு நிறைந்த பிள்ளைக்கு எதையும் சொல்லலாம் என்று ஏதோ ஒரு எண்ணம்.

கஃபே நடத்துகிற ஜூலியானா தானே வந்து நின்றாள். கத்தோலிக்கப் பெண். வீட்டில் பேசுவது சிங்களம். தமிழும் தட்டுத்தடுமாறாமல் கதைப்பாள்.

"ஒண்டு கேக்கணும்" என்று மர்ளியா தயங்கினாள். "குறையா நினைக்காதீங்க. இது சுடுற தாச்சியில பன்றி இறைச்சி ஏதும்..."

ஜூலியானா கை தட்டிச் சிரித்தாள். "அனே! இதே கேள்விய இன்னொரு ஆளும் கேட்டது. நண்டு கொண்டு வாறவர், அஸ்ஜத்."

"எங்கட வாப்பா!" என்று ஸுஹைப் கதிரையில் எழும்பி நின்றான்.

"நீங்க அவரோட பிள்ளைகளா? வாங்க வாங்க!" ஜூலியானாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "எல்லாம் ஒரே தாச்சிதான் எண்டு சொன்னன். ஒண்டும் கதைக்காமப் போனார். கொஞ்ச நேரத்தில புதுத் தாச்சி ஒண்டோட வந்து நிக்கிறார்! 'அக்கே, இதுல வேற ஒண்டும் சுடாதீங்க, என்ட பிள்ளைகள் வரும்' எண்டார். நான் தொடவே இல்ல நங்கி. அங்க பாருங்க."

குசினிச் சுவரில், மற்றச் சட்டிகளை விட்டுத் தள்ளி, ஒரு தாச்சி தொங்கிக்கொண்டிருந்தது. கடைக்காரன் ஒட்டின காகிதம்கூட உரியவில்லை. பிடியில் பச்சை வலை நூல். அந்த முடிச்சு மர்ளியாவுக்குத் தெரியும். அவள் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளிலும் தண்ணீர் வாளியிலும் அதே முடிச்சுத்தான்.

"எப்ப?" மர்ளியா கேட்டாள். "எப்ப வந்தார்?"

"எப்பவா? நேத்து முந்தநாள்தானே வந்தார்."

மர்ளியாவுக்குக் காது இரண்டும் இரைந்தது. நேத்து. முந்தநாள். மூன்று நாள்கூட ஆகவில்லை! அவளுடைய மனசு ஒரே பாய்ச்சலில் எல்லாவற்றையும் கட்டி முடித்தது. இந்தியப் படகு ஏற்றிக்கொண்டு போயிருக்கும். ராமேஸ்வரத்தில் வைத்திருந்து விட்டிருப்பார்கள். கூடப் போன நிக்கொலஸ் செத்துப்போனதில் வீட்டுக்கு வர முகமில்லாமல், எங்கோ ஒளிந்திருந்துகொண்டு, முதல் வேலையாகப் பிள்ளைகளுக்குத் தாச்சி வாங்கிக் கொடுத்திருக்கிறார். அவர் அப்படித்தான். அவர் வேறு எப்படி இருப்பார்?

எழும்பின வேகத்தில் கதிரை சரிந்தது. முக்காடு தோளில் விழுந்ததுகூடத் தெரியாமல் வாசலுக்கு ஓடினாள்.

"மச்சான்! மச்சான்! அவர் மௌத்தாகல்ல! நான் சொன்னன்தானே, அவர் மௌத்தாகல்ல! நேத்து முந்தநாள் இங்க வந்திருக்கார்!"

அத்தாஉல்லா செருப்பை விட்டுவிட்டு ஓடிவந்தார். அந்தக் கொஞ்சத் தூரத்தில் அவரும் நம்பிவிட்டார், பாவம். மூச்சு வாங்க, ஜூலியானாவின் முன்னால் போய் நின்று, நாள் முழுக்கப் பயணிகளோடு கதைக்கிற சிங்களத்தில் என்றைக்கு, எந்த நாள், யார் பார்த்தது என்று கேட்டார். ஜூலியானா மிரண்டு போய்ச் சிங்களத்திலேயே பதில் சொன்னாள். "ஈயே பெரேதா" என்று தொடங்கினாள். அதைக் கேட்டதுமே அத்தாஉல்லாவின் முகம் விழுந்துவிட்டது.

சிங்களத்தில் அந்த வார்த்தைக்கு நேற்று, முந்தநாள் என்றுதான் அர்த்தம். ஆனால் ஆட்கள் அதைச் சொல்வது நேற்றையோ முந்தநாளையோ நினைத்து அல்ல. கொஞ்சக் காலத்துக்கு முந்தி, இப்பத்தான், இந்தக் கிட்டடியில் என்று பேச்சுக்குச் சொல்வது. பத்து வருசத்துக்கு முந்தி நடந்த கலியாணத்தையும் அப்படிச் சொல்வார்கள். அந்தப் பெண் அதை அப்படியே தமிழில் தூக்கி வைத்திருக்கிறாள். அவளில் என்ன குற்றம்?

அத்தாஉல்லா பக்கத்துக் கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தார். "மர்ளியா... அது அந்த நேத்து இல்ல புள்ள."

"வேற எந்த நேத்து?"

"நோன்புக்கு முந்தி. பெருநாளைக்குப் பிள்ளைகளோட வாறன் எண்டு சொல்லிட்டுப் போனாராம்."

மர்ளியா தாச்சியை இன்னொரு முறை பார்த்தாள். காகிதத்தின் மேல் மெல்லிசாகத் தூசு படிந்திருந்தது இப்போது தெரிந்தது. அல்லாஹ்வே, முதலில் அதைக் கண்ணில் காட்டியிருக்கக் கூடாதா! படகு பிளந்து கிடைத்த நாளில்கூட அஸ்ஜத் அவளுக்குச் சாகவில்லை. இந்தக் கஃபேயின் நடுவில், இப்போதுதான் செத்தான்.

"உம்மா." இனாஸ் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வாப்பா மௌத்தாகிட்டார் எண்டு யார் சொன்ன?"

அப்போதுதான் மர்ளியாவுக்கு உறைத்தது. மடியில் வைத்து, தலையைத் தடவி, மெதுவாகச் சொல்லவென்று கொண்டுவந்ததை, நடு வாசலில் நின்று ஊர் கேட்கக் கத்தியிருக்கிறாள். நல்ல செய்தி என்று கத்தியிருக்கிறாள்!

மகளின் கையைப் பிடித்தாள். "ஓம் மகள். வாப்பா கடல்ல மௌத்தாகிட்டார்." அந்த வார்த்தையை அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

"முல்லைத்தீவு எண்டு சொன்னீங்களே! நீங்கதானே சொன்னீங்க!" இனாஸ் கையை உதறிக்கொண்டு போய்ப் பெரியவாப்பாவின் சாரத்தில் முகத்தைப் புதைத்துக் கதறினாள். தாயின் பக்கம் திரும்பவே இல்லை.

ஸுஹைப் அழவில்லை. கதிரையில் நின்றபடியே சொன்னான். "இல்ல. வாப்பா மௌத்தாகல்ல. நேத்து முந்தநாள் வந்தார்."

"அது வேற நேத்து மகன்..." என்று மர்ளியா தொடங்கினாள். எந்த நேற்று என்று அந்தப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?

ஜூலியானா சிலுவை போட்டுக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே குசினிக்குள் போனாள். என்ன செய்வதென்று தெரியாத மனுசி, தெரிந்த ஒன்றைச் செய்தாள். தாச்சியைக் கழுவி அடுப்பில் வைத்து மாவை ஊற்றினாள். கொஞ்ச நேரத்தில் நாலு பீங்கான் மேசைக்கு வந்தது. பெரியவர்கள் தொடவில்லை, இனாஸ் தொடவில்லை. ஸுஹைப் மட்டும் தனக்கு வந்ததை இரண்டு கையாலும் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்து, அங்கால் யாராவது தெரிகிறதா என்று பார்த்தான். பிறகு வாயெல்லாம் சொக்லட்டாக முழுவதையும் தின்றான்.

போகும்போது ஜூலியானா தாச்சியைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டினாள். ஸுஹைப் விடவில்லை. பிடியைப் பிடித்துத் தொங்கினான். "எடுக்கவேணாம்! வாப்பா வந்து பாத்தா தேடுவார்!" கடைசியில் தாச்சி பழைய ஆணிக்கே போனது.

மறுநாள் மஃரிப் ஆனது. அத்தாஉல்லாவின் மனைவி அலீமா வெள்ளையை உடுத்திவிட்டாள். மர்ளியா கையை நீட்டச் சொன்னபோது நீட்டினாள், குனியச் சொன்னபோது குனிந்தாள். மையித்து எங்கே என்று கேட்கவில்லை. அறையில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். வெளியே முற்றத்தில் ஆண்கள் வந்து கதிரைகளில் உட்காரும் சத்தம் கேட்டது. இனி அந்த வாசற்படியை அவள் தாண்ட முடியாது.

ஜன்னல் துணிக்கு வெளியே ஸுஹைபின் குரல். வருகிறவர்களின் கையைப் பிடித்து, ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

"எங்கட வாப்பா மௌத்தாகல்ல. உம்மாதான் சொன்னா. நேத்து முந்தநாள் வந்தாராம்."

யாரோ அவனை அணைத்து ஏதோ சொன்னார்கள். அவன் குரல் உயர்ந்தது.

"அப்பிடியெண்டா மையித்தக் காட்டுங்க!"

அறைக்குள் எல்லாப் பெண்களும் மர்ளியாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவனைக் கூப்பிட எழும்பினவள் வாசற்படியில் நின்றுவிட்டாள்.