காந்தம் இருந்த பக்கம்

சிக்ஸ்டன் டிரெய்லரிலிருந்து மகளின் வண்டியை இறக்கி, சாவியை அவளிடம் தராமல் பட்டறைக்காரி ரிக்மோரிடம் நீட்டினான்.

"இவ எங்க கை வச்சிருக்கான்னு மட்டும் கண்டுபிடி. அப்புறம் இத வித்துடுறேன்."

அவன் மகள் இல்வா பட்டறைக் கதவருகே நின்றுவிட்டாள். பதினாறு வயது. பின்னால் சிவப்பு முக்கோணம் ஒட்டிய அந்தக் கார் சட்டப்படி ஒரு டிராக்டர். முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதபடி பூட்டியிருந்தால் அவள் வயதுப் பிள்ளைகள் ஓட்டலாம். திங்கள் விடியற்காலை போலீஸ் மறித்தபோது அது ஐம்பதில் வந்துகொண்டிருந்தது. அவள் பால் கறக்கப் போகும் பண்ணைக்குப் பேருந்து கிடையாது. வண்டி போனால் வேலையும் போய்விடும்.

"நான் எதையும் தொடல. வேக முள்ளு பூஜ்யத்துலயே படுத்துக் கிடந்துச்சு."

"மரமெல்லாம் பின்னால ஓடுனது கூடவா தெரியல?"

"இருட்டா இருந்துச்சுப்பா."

வேக சென்சாரை ஏமாற்றும் வித்தை இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு அத்துப்படி. ஐம்பது என்றதும் ரிக்மோருக்கும் அந்தச் சந்தேகம்தான் முதலில் வந்தது. அதை ஒதுக்கி வைத்துவிட்டு வண்டியை ஜாக்கியில் தூக்கினாள்.

"சென்சார் புதுசா இருக்கே."

"போலீஸ் மறிச்சப்புறம் நான்தான் மாத்துனேன். அப்பவும் முள்ளு அசையல. அப்ப வயர்லதான் இவ ஏதோ பண்ணியிருக்கா."

இணைப்பைப் பிடுங்கி மீட்டரை வைத்தாள். மின்சாரம் சரியாக வந்தது. வயரை முனைவரை விரலால் தடவிப் பார்த்தாள். வெட்டோ ஒட்டோ இல்லை.

"வயர்ல யாரும் கை வைக்கல."

இல்வா அப்பாவைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

சென்சார் வெறும் கண்தான். சக்கரத்தின் பேரிங்கில் பதித்த காந்த வளையம் சுழல்வதைப் பார்த்துத்தான் அது வேகம் சொல்லும். பழையது, புதியது என இரண்டு கண் வைத்தும் தெரியவில்லை என்றால், எதிரே வளையம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

"பேரிங்க எப்ப மாத்துன?"

"சனிக்கிழமை. ஊளை விட்டுச்சு. வீட்டுலயே போட்டேன். இதுக்கெல்லாமா பட்டறைக்கு வருவாங்க?"

"வரமாட்டாங்க. அதான் நான் இவ்வளவு பணக்காரியா இருக்கேன்."

சக்கரத்தைக் கழற்றி, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பச்சை அட்டையை எடுத்தாள். காந்தம் பட்டால் அதில் கோடு விழும். சென்சார் பக்கம் வைத்தாள். வெறும் பச்சை. சக்கரம் மாட்டும் குடத்தையும் கழற்றி, பேரிங்கின் மறுபக்கம் வைத்தாள். நெருக்கமான கோடுகள் வேலிபோல எழுந்தன.

"காந்தம் வெளிப்பக்கம் பாத்து உக்காந்திருக்கு. சென்சாருக்கு ஒண்ணும் தெரியல. வண்டி நிக்குதுன்னே நெனச்சுக்கும். நிக்கற வண்டிய எதுக்குப் பூட்டணும்?"

'ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கும், எல்லாருக்கும் நடக்கறதுதான்' என்ற சமாதானம் ரிக்மோரின் நாக்கு நுனிவரை வந்தது. எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள். இன்று அதைச் சொன்னால் சிக்ஸ்டன் சொல்ல வேண்டியது சொல்லப்படாமலே போய்விடும். கையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"நீங்கதான் திருப்பிப் போட்டீங்களாப்பா?"

சிக்ஸ்டன் உதட்டைக் குவித்துக் காற்றைச் சுருக்கென்று உள்ளே இழுத்தான். இந்த வடக்கு ஊர்களில் ஆமாம் என்பதற்கு அவ்வளவு போதும்.

"அது போதாதுப்பா. வாய்விட்டுச் சொல்லுங்க."

சிக்ஸ்டன் நிமிர்ந்து மகளைப் பார்த்தான்.

"நான்தான். நீ தொடல. போலீஸ்கிட்டயும் நானே பேசுறேன்."

ரிக்மோர் புதிய பேரிங்கை அட்டையால் சோதித்த பிறகே அழுத்தி ஏற்றினாள். சாலையில் ஓட்டிப் பார்த்தாள். முள் எழுந்தது. முப்பதுக்கு மேல் எவ்வளவு மிதித்தாலும் எஞ்சின் மறுத்துவிட்டது. திரும்பி வந்து சாவியைச் சிக்ஸ்டனிடமே கொடுத்தாள். அவன் அதை மகளிடம் நீட்டினான்.

"டிரெய்லர்ல ஏத்தவா?"

"வேணாம். ஓட்டிட்டே வரேன்."

அவள் முன்னே போனாள். காலி டிரெய்லரை இழுத்துக்கொண்டு அவன் பின்னே, அதே முப்பதில். வளைவில் மரம் ஏற்றிய ஒரு லாரி அவன் முதுகுக்குப் பின்னால் வந்து ஹாரன் அடித்தது. சிக்ஸ்டன் வழி விடவில்லை.