ஆயிரமாவது கன்றின் முன்னங்கால்கள்

பால்காரம்மாவின் கொட்டகையில் பிறந்த கன்று நல்ல வாட்டசாட்டம். எழுந்து நிற்கத்தான் முடியவில்லை. முன்னங்கால் இரண்டும் குளம்புக்கு மேலே மூட்டில் பின்பக்கமாக மடங்கியிருந்தன. எழ முயன்றபோதெல்லாம் மூக்கு தரையில் இடிக்க விழுந்தது.

அவள் முதல் வேலையாகச் சீம்பாலைக் கறந்து புட்டியில் ஊற்றிப் புகட்டினாள். அவள் வீட்டுக்காரர் கைபேசியோடு குறுக்கும் நெடுக்கும் நடந்தார். கவலை கன்றைப் பற்றியதல்ல. இனவிருத்தி நிலையத்தின் பரிசுக் காளைக்கு இது ஆயிரமாவது வாரிசாம். மறுநாள் அதிகாரி படம் எடுக்க வருகிறாராம்.

மாட்டு டாக்டரம்மா வந்து காலை நீட்டிப் பார்த்தார். "பயப்படாதீங்க. வயித்துல இடம் பத்தாம மடங்கிக் கிடந்து நரம்பு இறுகியிருக்கலாம். கட்டு போட்டா நிமிர்ந்துடும். ஆனா சில சமயம் இது பரம்பரையாவும் வரும். அந்தக் காளையோட மத்த கன்னுங்களையும் பாக்கணும்."

"அந்தக் கடைசி விஷயம் நமக்குள்ளயே இருக்கட்டும்" என்றார் வீட்டுக்காரர்.

பிளாஸ்டிக் குழாயை நீளவாக்கில் பிளந்து, ஓரத்தைத் தேய்த்து, பஞ்சை மெத்தையாக வைத்துக் கட்டினார்கள். கன்று ஆடியாடி நின்றது.

மறுநாள் அதிகாரி படக்காரரோடு வந்தார். கன்றைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"இது என்னம்மா குழாய்?"

"பொறக்கும்போதே கால் மடங்கியிருந்துச்சு சார்."

"எங்க காளைக்கு அப்படிப் பொறக்காதே." படிவத்தை நீட்டினார். பிறவிக் குறைபாடு என்ற இடத்துக்கு நேரே 'இல்லை' என்று அச்சடித்தே வந்திருந்தது. "கையெழுத்து போடுங்க. படத்துக்கு ஒரு நிமிஷம் அதைக் கழட்டிடலாம்."

"கழட்டினா விழுந்துடும் சார்."

"விழறதுக்குள்ள எடுத்துடுவாரு."

வீட்டுக்காரர் அதற்குள் குனிந்து கட்டை அவிழ்க்கப் போனார். அவள் சாணிக் கூடையை அவர் கையில் திணித்தாள். "நீங்க இதைக் கொட்டிட்டு வாங்க." பிறகு பேனாவை வாங்கி 'இல்லை'யை அடித்துவிட்டு, 'முன்னங்கால் ரெண்டும் மடங்கல்' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்திட்டாள்.

அதிகாரி தவித்துப் போனார். "இதை எங்கம்மா அனுப்புறது? இதுக்குன்னு ஒரு பிரிவே கிடையாதே!"

"டாக்டரம்மா மத்த கன்னுங்களையும் பாக்கணும்னு நேத்தே சொன்னாங்க சார். இதுல ஒரு பிரதி அவங்ககிட்ட குடுத்துடறேன்."

அதிகாரிக்கு வியர்த்தது. கடைசியில் கன்றின் கழுத்துக்கு மேலே மட்டும் படம் எடுத்துக்கொண்டு போனார்.

பால்காரம்மா தினமும் கட்டைப் பிரித்து, புண் இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, மறுபடி கட்டினாள். பத்தாம் நாள் குழாய் வேண்டியிருக்கவில்லை. கன்று நாலு காலில் கொட்டகையைச் சுற்றி வந்து, தண்ணீர் வாளியைக் கவிழ்த்தது.

அந்த வாரமே டாக்டரம்மா பக்கத்துத் தெருக்களில் விசாரித்தார். அதே காளைக்குப் பிறந்த இன்னும் மூன்று கன்றுகளுக்குக் கால் மடங்கியிருந்தது. நிலையத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. காளைக்கு 'ஓய்வு' அளிக்கப்பட்டிருக்கிறதாம். காரணம் போடவில்லை.

வீட்டுக்காரர் தெருவில் சொல்லிக்கொண்டிருந்தார்: "நான் அப்பவே சொன்னேன், அந்தக் காளை சரியில்லைன்னு."

உள்ளே அவள் பால் கறந்துகொண்டிருந்தாள். காதில் விழுந்தது, சிரித்ததில் பால் பாத்திரத்துக்கு வெளியே பீச்சியது.