மாமனார் குடியிருந்த குகை

அந்தக் களவா மீனுக்கு மாமனார் என்று பெயர் வைத்தது அவள் கணவன்தான். சம்பந்தி வீட்டில் சரியாகக் கவனிக்கவில்லை என்பதுபோல எப்போதும் உதடு தொங்கிய முகம் அதற்கு. ஆள் நீளம் இருக்கும். தீவைச் சுற்றி அந்த அளவில் மிஞ்சியது அது ஒன்றுதான். மற்றவையெல்லாம் எப்போதோ சந்தைக்குப் போய்விட்டன. இதையாவது விட்டுவைக்க வேண்டும் என்று அவளுக்கு வைராக்கியம்.

பயணிகளைக் கடலுக்கடியில் கூட்டிப்போய்க் காட்டுவது அவள் வேலை. படகு கிளம்பியதுமே ஆரம்பித்துவிடுவாள்.

"தொடாதீங்க, துரத்தாதீங்க, தீனி போடாதீங்க. அவரு வீட்டுக்குத்தான் நாம போறோம்."

"எனக்குக்கூட இவ்வளவு மரியாதை கிடையாதுங்க" என்பான் படகோட்டும் கணவன்.

தண்ணீருக்கடியில் வாய் திறக்க முடியாது. பயணிகளைக் கூப்பிட, முதுகிலிருக்கும் சிலிண்டரை இரும்புக் கம்பியால் தட்டுவாள். அவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். போகப்போக மாமனாரும் தன் குகையிலிருந்து எட்டிப் பார்த்தார். பிறகு தட்டினாலே வெளியே வந்து நின்றார். ஒரு வாய் தீனி போடாமல், ஒரு விரல் படாமல் வந்த பழக்கம் என்று அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

போன பருவத்தில் ஒருவன் வந்திருந்தான். இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று கேட்கத் தோன்றும் ஆள். கைகளைக் கட்டிக்கொண்டே நீந்தினான். இந்த வருடம் சொந்தப் படகில் வந்தான், ஈட்டியோடு. அங்கே வேட்டைக்குத் தடையில்லை.

படகுத்துறையில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனவள், சிமெண்டுத் தரையில் மாமனார் கிடப்பதைப் பார்த்தாள். அதே தொங்கிய உதடு. அவளை அடையாளம் கண்டு அவன் சிரித்தான்.

"அக்கா! தேடவே வேணாம்க்கா. உங்கள மாதிரியே தட்டினேன், அதுவா பக்கத்துல வந்து நின்னுச்சு."

"பயப்படலையா?"

"இல்லக்கா. என்னையே பாத்துட்டு இருந்துச்சு."

கிளியை வளர்த்துப் பூனை கையில் கொடுத்த கதையாகிவிட்டது. வீட்டுக்கு வந்து ஓவென்று அழுதாள்.

"நீ என்ன பண்ணுவ? நீயா குத்துன?" என்றான் கணவன்.

"கூப்பிட்டா வரணும்னு பழக்கினது நான்தானே."

அடுத்த பருவத்தில் அந்தக் குகைக்கு ஓர் இளங்களவா குடிவந்தது. பயணிகளோடு இறங்கியவள் பழக்கதோஷத்தில் சிலிண்டரைத் தட்டினாள். அது எட்டிப் பார்த்தது.

அவ்வளவுதான். கம்பியை ஓங்கிக்கொண்டு பாய்ந்தாள். பாறையில் அடித்தாள். அது உள்ளே போய்விட்டுத் திரும்பவும் தலையை நீட்டியது. இந்த முறை அடி அதன் முதுகிலேயே விழுந்தது. கம்பி வழியே அந்த அதிர்வு அவள் கைக்கு வந்தது. இத்தனை வருடத்தில் அவள் ஒரு மீனைத் தொட்டது அதுதான் முதல் தடவை. கண்ணாடிக்குள் அழுதுகொண்டே இன்னொரு முறையும் ஓங்கினாள்.

படகில் ஏறியதும் ஒரு பெண்மணி கேட்டே விட்டாள். "தொடக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவள் சிலிண்டரைக் கழற்றி வைத்தாள். கணவன் எப்போதும்போல் கேலி செய்யவில்லை. பயணிகள் இறங்கிப் போனபின் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நாளைக்கும் அடிக்கணும்" என்றாள். "நான் மேல ஏறும்போது அது பின்னாடியே வந்துச்சு."