ஐந்து வருஷமும் ஏழு வாரமும் நின்ற ஜின்னி

மெர்வ் நோஸ்கியின் வேட்டை நாய் ஜின்னி, 1971 ஏப்ரல் பதினேழாம் தேதி சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு, கெல்வின் ஹோலண்டின் அறுத்த கோதுமை வயலில் ஒரு காடையைக் கண்டு நின்றது. அப்படியே ஐந்து வருஷமும் ஏழு வாரமும் நின்றது. இடது முன்கால் மடங்கித் தூக்கியிருந்தது, வால் விறைத்திருந்தது, மூக்கு அறுப்பில் மிஞ்சிய ஒரு தாள்குத்தை நோக்கியிருந்தது. ஜெர்மன் பாயிண்டர்கள் அப்படித்தான் நிற்கும், அதற்காகத்தான் அவற்றை வைத்திருக்கிறோம். வேட்டைக்காரர் துப்பாக்கியைத் தயாராக்கிவிட்டு "போ" என்று சொன்னால் நாய் பாய்ந்து காடையைக் கிளப்பும், அவர் சுடுவார். அன்று மெர்வ் வழக்கம்போல "நில்லு" என்றார், துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுபோனார், பாதியில் பக்கவாதம் வந்து தாளின்மேல் விழுந்தார். அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய அவசரத்தில் நாயை யாரும் நினைக்கவில்லை.

விம்மெரா கோதுமைச் சீமையில் எங்கள் ஊர் பப்பில் எந்த நாய் உசத்தி என்ற சண்டைக்கு முடிவே கிடையாது. கெல்வின் லாப்ரடார் கட்சி. சுட்ட வாத்தைத் தண்ணீரிலிருந்து பல் படாமல் கொண்டுவரும், வீட்டில் பிள்ளைகளுக்குத் தலையணையாகக் கிடக்கும் என்பார். ஸ்பானியல் கட்சிக்காரர்களும் உண்டு, அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஜின்னியைப் போல வயலில் ஒரு நாயாகவும் வீட்டில் வேறொரு நாயாகவும் இருந்த ஜீவனை நான் பார்த்ததில்லை. மெர்வின் ஒரே மகள் ரோண்டா அம்மை போட்டுக் கிடந்தபோது பதினோரு நாள் அவள் காலடியை விட்டு அகலவில்லை. விருந்துக்கு வந்த கைக்குழந்தைகள் அதன் காதைப் பிடித்துத்தான் எழுந்து நிற்கக் கற்றன. வீட்டில் யார் சொன்னாலும் கேட்கும், வயலில் மெர்வ் குரலுக்கு மட்டும்தான். அப்படிப் பழக்கியதில் மெர்வுக்குத் தலைகால் புரியாத பெருமை.

"ஏம்ப்பா, ஒரு நாள் உனக்குத் தொண்டை கட்டிக்கிச்சுன்னா?" என்று கெல்வின் ஒரு தடவை சீண்டினார்.

"அவ காத்திருப்பா," என்றார் மெர்வ்.

அது காத்திருந்தது. கெல்வின் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மெர்வ் மாதிரியே "போ" என்று சொல்லிப் பார்த்தார், அதன் காதுகூட அசையவில்லை. நான்கு பேர் சேர்ந்து தூக்கினோம், வேலிக்கம்பத்தைத் தூக்கின மாதிரி இருந்தது. மிருக வைத்தியர் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, நாய்க்கு நோய் ஒன்றுமில்லை, வேலையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அது தின்னவில்லை, குடிக்கவில்லை, கிழடும் தட்டவில்லை. உழும்போது கெல்வின் டிராக்டரை வளைத்து ஓட்டினார். லாப்ரடார்காரராக இருந்தும் அவர் அதைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றாமல் போனதில்லை. நவம்பரில் கோதுமை அதை மறைக்கும், டிசம்பரில் அறுத்ததும் மறுபடி தெரியும். ஒரு நாய் நிற்பதைக் கண்டால் கூட வரும் நாயும் நிற்க வேண்டும் என்பது பாயிண்டர்களின் மரியாதை. அதனால் அந்த வயலில் ஐந்து பருவம் யாரும் வேட்டையாட முடியவில்லை. வெளியூர் நாய்கள்கூட வேலிக்கு வந்ததும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டன.

மெர்வ் சக்கர நாற்காலியில் வீடு திரும்பியபோது அவரிடம் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது. அது "நில்லு". தேநீர் வேண்டுமென்றாலும் அதுதான், கால் வலித்தாலும் அதுதான். அவர் மனைவி டல்சி அந்தச் சொல்லுக்குப் பதினெட்டு அர்த்தம் கற்றுக்கொண்டாள். அவரை ஜின்னியிடம் தள்ளிக்கொண்டு போனார்கள். முகம் சிவக்க, கழுத்து நரம்பு புடைக்க முயன்று "நில்லு" என்றார். ஜின்னி இன்னும் உறுதியாக நின்றது. அவர் அழுதார். அதற்குப் பிறகு கூட்டிப்போவதை விட்டுவிட்டார்கள்.

ரோண்டாவுக்கு அப்போது பதினேழு. மறுவருஷம் தெற்கே ஜீலாங் நகர ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது. பெட்டியோடு வாசல் கேட்டுக்குப் போனாள். பின்னாலிருந்து அப்பா "நில்லு" என்றார். அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். அதற்கடுத்த மூன்று வருஷமும் அதேதான் நடந்தது. ரெண்டாவது நாயும் நின்னுடுச்சு என்று பப்பில் ஒருவன் சொன்னான், யாரும் சிரிக்கவில்லை. ஐந்தாவது வருஷம் வந்த கடிதத்தில், இந்தத் தடவையும் வராவிட்டால் இனி இடம் வைத்திருக்க முடியாது என்று எழுதியிருந்தார்கள்.

1976 ஜூன் ஐந்தாம் தேதி காலை டல்சி கணவரைக் கேட்காமலே நாற்காலியை வயலுக்குத் தள்ளினாள். ரோண்டா பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய் ஜின்னியின் பக்கத்தில் நின்றாள். வேலி ஓரம் நாங்கள் பத்துப் பேர் இருந்தோம்.

"அப்பா, இவ ஏன் நிக்கிறான்னு எனக்குத் தெரியும்," என்றாள் ரோண்டா. "நானும் அதுக்குத்தான் நிக்கிறேன். நீங்க சொன்னீங்க, நின்னோம். ரெண்டு மணிக்கு பஸ். நீங்க சொல்லாம நான் ஏறமாட்டேன்."

டல்சி குனிந்து மெர்வின் காதில், "ரெண்டும் நீ பழக்கினதுங்க, மெர்வ். நீதான் அவுத்து விடணும்," என்றாள்.

மெர்வ் நாயைப் பார்க்கவில்லை, மகளைத்தான் பார்த்தார். வாய் கோணி, "நி" என்று ஆரம்பித்தது. உதட்டைக் கடித்து அதை விழுங்கினார். அந்த மனுஷன் அந்தச் சொல்லை விழுங்கியதுதான் என் ஆயுளில் நான் பார்த்த பெரிய காரியம்.

"போ," என்றார்.

ஜின்னியின் இடது கால் தரையில் ஊன்றியது. ஒரே பாய்ச்சல். ஐந்து வருஷம் மூச்சை அடக்கிப் பதுங்கியிருந்த காடை சடசடவென்று எழுந்து, எங்கள் தலைக்குமேல் பறந்து தெற்கே போனது. சுட யாரிடமும் துப்பாக்கி இல்லை. வெடிச்சத்தம் கேட்காததால் ஜின்னி திரும்பி மெர்வைக் கொஞ்சம் குறைப்பட்டுக்கொள்வது போலப் பார்த்தது. பிறகு ரோண்டாவின் கையை நக்கிவிட்டு, நேராக வீட்டுக்குப் போய், ஒரு வாளித் தண்ணீர் குடித்துவிட்டு, அவள் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டது. ரோண்டா ரெண்டு மணி பஸ்ஸில் ஏறினாள்.

அதற்குமேல் மெர்வுக்குப் பேச்சு வரவில்லை, இரண்டு சொல்லோடு சரி. ஞாயிற்றுக்கிழமைகளில் ரோண்டா போன் செய்வாள். டல்சி ரிசீவரை அவர் காதில் வைத்ததும் மெர்வ் "நில்லு" என்பார். அடுப்பங்கரையில் ஜின்னி இடது காலைத் தூக்கிக்கொள்ளும். ரோண்டா வாரக் கதை முழுக்கச் சொல்லி முடித்த பிறகு அவர் "போ" என்பார். ஜீலாங்கில் அவள் போனை வைப்பாள், இங்கே ஜின்னி காலை இறக்கும்.