டொபிக்குச் சொன்னது

திவாகரன் பால் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வர எப்படியும் பத்து மணியாகும். வவுணதீவுப் பக்கத்து மாட்டுக்காரரிடம் விடியற்காலையில் பாலை அளந்து வாங்கி, மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் கான்களைக் கட்டி, குளிரூட்டும் நிலையத்தில் இறக்கிவிட்டு வருவது அவன் தொழில். அன்றைக்கு வாசல் கடப்படியில் சைக்கிளை நிறுத்தும்போதே பிள்ளை அழுவது கேட்டது.

உள்ளே தனுஷியா சுவரோடு சாய்ந்து கால் நீட்டி இருந்தாள். அவள் மடியில் நாய் தலையை வைத்துக் கிடந்தது. அவள் அதன் காதை மடித்து உண்ணி பார்த்துக்கொண்டிருந்தாள். கைக்கெட்டும் தூரத்தில் சேலையில் கட்டிய ஏணை, பிள்ளை உதைத்த உதையில் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

"டொபி, அது அழுகுது," என்று அவள் நாயிடம் சொன்னாள். "பசியாக்கும். குடிச்சி ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல."

நாய் எழும்பி ஏணையடியில் போய் நின்றுகொண்டு அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் எழும்புவதற்குக் கையை நிலத்தில் ஊன்றினாள். அதற்குள் திவாகரன் பாய்ந்து பிள்ளையைத் தூக்கிவிட்டான்.

"நாயிட்டயா சொல்லுற? உனக்குக் கை இல்லையா?"

அவள் ஊன்றிய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பிள்ளை பிறந்து மூன்று மாதம். ஒப்பரேசன் செய்துதான் எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் மிசி துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டியபோது தனுஷியா ஒருமுறை பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் கிறுகிப் படுத்தாள். களைப்பு என்று எல்லோரும் சொன்னார்கள். முப்பத்தோராம் நாள் தக்சிகா என்று பெயர் வைத்தது திவாகரன்தான். அந்தப் பெயரைத் தனுஷியா ஒருநாளும் சொல்லி அவன் கேட்டதில்லை. 'அது' என்றுதான் சொல்வாள், அதையும் நாயிடம்தான் சொல்வாள்.

தனுஷியா கதிரவெளிப் பெண். அவளுடைய தாய் பத்து வருடமாகக் குவைத்தில் வீட்டு வேலை. பிள்ளைப்பேற்றுக்கு வர லீவு கிடைக்கவில்லை. போனில் பிள்ளையின் முகத்தைப் பார்த்து அழுததோடு சரி. சித்தி வீட்டில் வளர்ந்த தனுஷியாவுக்கு அங்கே சொந்தம் என்று இருந்தது அந்தப் பழுப்பு நாய் ஒன்றுதான். கல்யாணம் முடிந்து வரும்போது ஆட்டோவில் கூறைப் புடவையோடு நாயையும் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அப்போது திவாகரனுக்கு அது சிரிப்பாக இருந்தது.

பிள்ளை பார்க்க வந்து நின்றவள் அவனுடைய அக்கா சீதேவி. வந்தாறுமூலையில் வீடு, வளர்ந்த இரண்டு பையன்கள். கெட்ட மனுசி அல்ல. பிள்ளைக்குக் குளிப்பாட்டுவது, துணி அலசுவது, சமையல் எல்லாம் அவள்தான். ஆனால் நாயைக் கண்டால் அவளுக்கு ஆகாது.

"இந்த நாய் இருக்குமட்டும் அவள் புள்ளையில மனம் வைக்கமாட்டாள், தம்பி," என்றாள். "பாசம் எல்லாம் அதுக்குப் போகுது. எங்கயாச்சும் கொண்டுபோய் விடு. ரெண்டு நாள் முகத்த நீட்டுவாள், மறுகா புள்ளைய அணைப்பாள்."

திவாகரன் இரண்டு கிழமை யோசித்தான். அக்கா சொன்னது சரி என்றுதான் பட்டது. நாயோடு மணிக்கணக்கில் பறைகிறவளுக்குப் பிள்ளையோடு ஒரு சொல் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவன் மோட்டார் சைக்கிளின் பின்னால் மீன் பெட்டியொன்றைக் கட்டினான்.

"டொபிக்கு விசர்நாய் ஊசி போடக் கொண்டுபோறன்," என்றான்.

தனுஷியா நம்பினாள். அவளே நாயைத் தூக்கிப் பெட்டிக்குள் இருத்தினாள். அது மிரளாமல் கிடக்கத் தன் பழைய சட்டையொன்றை மடித்துக் கீழே வைத்தாள்.

"ஊசி நோகுமா?" என்று கேட்டாள்.

"சும்மா எறும்பு கடிச்ச மாதிரித்தான்."

ஆயித்தியமலைக்கும் அப்பால், வயல் வட்டை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் அருமைநாயகம் மாட்டுப் பட்டி வைத்திருந்தார். தூரத்துச் சொந்தம். போன் சிக்னலும் இல்லாத இடம். காவலுக்கு ஒரு நாய் வேண்டும் என்று முன்பே கேட்டிருந்தார். திவாகரன் டொபியை அங்கே ஒரு மரத்தில் கட்டிவிட்டு, அது குரைக்கக் குரைக்கத் திரும்பிப் பாராமல் வந்தான்.

தனுஷியா கடப்படியிலேயே நின்றாள். வெறும் பெட்டியைப் பார்த்தாள்.

"எங்க?"

"அருமைநாயகம் அண்ணன்ட பட்டியில விட்டுட்டன். அங்க நல்ல வெளி. பாலும் குடுப்பாங்க. புள்ள கொஞ்சம் வளரட்டும், மறுகா கூட்டிட்டு வரலாம்."

அவள் கத்துவாள், அழுவாள் என்று நினைத்து அதற்குப் பதில்களை வழியிலேயே ஆயத்தப்படுத்தி வைத்திருந்தான். அவள் பெட்டிக்குள் கிடந்த சட்டையை எடுத்து உதறினாள். "சரி," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்தாள்.

அதற்குப் பிறகு எழும்பவில்லை. முதல் நாள் அக்கா, "பாரு, நாளைக்குச் சரியாகும்," என்றாள். மூன்றாம் நாள் சோற்றுக் கோப்பை தொடாமல் திரும்பி வந்தது. பிள்ளையைப் பக்கத்தில் கிடத்தினால் அவள் தள்ளவும் இல்லை, அணைக்கவும் இல்லை. பால் வற்றிப் போனது. அக்கா பால்மா கரைத்துக் கொடுத்தாள்.

ஐந்தாம் நாள் பிள்ளையின் நிறை பார்க்க மிட்வைஃப் வந்தாள். தராசைத் தொடாமல் முதலில் தனுஷியாவின் பக்கத்தில்தான் இருந்தாள். வெளியே வந்து திவாகரனிடம் சொன்னாள்: "தம்பி, இது சோம்பலும் இல்ல, திமிரும் இல்ல. புள்ள பெத்தவளுக்கு மனசில வாற ஒரு வருத்தம். செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்குக் கட்டாயம் கூட்டிட்டு வாங்க. பிந்தப்படாது."

"மனநோய்க் கிளினிக்கா? ஊரில என்ன கதைப்பாங்க?" என்றாள் சீதேவி.

திவாகரன் கூட்டிக்கொண்டு போனான். டொக்டர் இளவயதுப் பெண். தனுஷியாவோடு தனியே அரை மணித்தியாலம் இருந்துவிட்டு அவனை உள்ளே கூப்பிட்டாள். குளிசை எழுதினாள், நாளெடுக்கும் என்றாள், தனியே விட வேண்டாம் என்றாள். கடைசியாக, "நாய் இப்ப எங்க?" என்று கேட்டாள்.

நாயைப் பற்றி ஏன் கேட்கிறாள் என்று அவனுக்கு விளங்கவில்லை.

"அத அவங்களே உங்களுக்குச் சொல்லட்டும்," என்றாள் டொக்டர்.

திரும்பி வரும்போது வலையிறவுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டினான். வாவியில் இரண்டு தோணிகள் வலை இழுத்துக்கொண்டிருந்தன. தனுஷியா அவற்றைப் பார்த்தபடி, யாரும் கேட்காமலே பேசத் தொடங்கினாள்.

"எனக்கு அதோட நேர கதைக்க வரல்ல. வாயத் திறந்தா ஒண்டும் வராது. நெஞ்சு அடைக்கும். டொபிக்குச் சொன்னா வரும். 'அது அழுகுது, அது நனைச்சிட்டு, அதுக்குக் குளிருது' எண்டு டொபிக்குச் சொல்லுவன். சொல்லிக்கிட்டே எழும்பிப் போய்த் தூக்குவன். நான் டொபிக்குக் கதைக்கக்குள்ள அதும் கேட்டுக்கிட்டுத்தான் கிடக்கும். ஒருநாள் என்னப் பார்த்துச் சிரிச்சிச்சி."

"எனக்கு ஏன் சொல்லல்ல?"

"நீங்க கேக்கல்ல. நான் எழும்ப முந்தி நீங்களோ மச்சாளோ வந்து எடுத்துருவீங்க."

திவாகரன் ஹாண்டிலைப் பிடித்தபடி நின்றான். மன்னிப்புக் கேட்க நினைத்தான். அவள் முகத்தைப் பார்க்க அது அவளுக்கு எதற்கும் உதவாது என்று தெரிந்தது.

அடுத்த நாள் பால் வேலையை விட்டுவிட்டுப் பட்டிக்கு ஓடினான். மரத்தில் அறுந்த கயிறு தொங்கியது.

"ரெண்டாம் நாளே யானை வந்திச்சி, மனே," என்றார் அருமைநாயகம். "யானைவெடி போட்டம். அந்தச் சத்தத்துக்கு நாய் கயித்த அறுத்துக்கிட்டு ஓடிட்டு. கூப்பிட்டுப் பார்த்தம், தேடிப் பார்த்தம். உனக்கு என்னெண்டு சொல்லுற எண்டு தெரியாம இருந்தன்."

பன்னிரண்டு நாள் தேடினான். பால் கானோடு போன வீடுகளில் எல்லாம் போனில் இருந்த படத்தைக் காட்டினான். குளக்கட்டில் ஒரு பழுப்பு நாய் திரிகிறது என்று யாரோ சொல்ல, அங்கே போய்ப் பார்த்தால் அது வேறு நாய். பதின்மூன்றாம் நாள் யாரிடமோ ஒரு குட்டி நாயை வாங்கிக்கொண்டு வந்து தனுஷியாவின் முன்னால் விட்டான். அவள் அதற்குச் சிரட்டையில் தண்ணீர் வைத்தாள்.

"இதுக்கு என்னைத் தெரியாதே," என்றாள். அவ்வளவுதான். குட்டியைப் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

குளிசை வேலை செய்தது. ஒரு மாதத்தில் தனுஷியா எழும்பினாள். குளித்தாள், தலை வாரினாள், மீன் வெட்டினாள். பிள்ளைக்கு நேரம் தவறாமல் பால்மா கரைத்தாள், துணி மாற்றினாள், ஏணையை ஆட்டினாள். பார்க்க வந்தவர்கள், "நல்லாத்தானே இருக்கிறாள்," என்று சொல்லிப் போனார்கள். ஆனால் பிள்ளையிடம் வாய் திறக்கவில்லை. பிள்ளையைத் தூக்கும்போது ஒரு சத்தமும் வராது. பிள்ளை ஆரம்பத்தில் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும், எதையோ எதிர்பார்ப்பது போல. ஐந்தாம் மாதம் முடியும்போது அதுவும் நின்றுவிட்டது. அக்காவின் குரல் கேட்டால் மட்டும் தலையைத் திருப்பும்.

அக்காவின் மூத்தவனுக்குப் பள்ளிக்கூடச் சோதனை நெருங்கியது. அவள் வீட்டுக்குப் போகவேண்டும். அந்தக் கதை வந்த அன்று மத்தியானம், அடுப்படியில் நின்றபடியே தனுஷியா சொன்னாள்:

"மச்சாள், நீங்க போகக்குள்ள அதையும் கொண்டு போங்க."

"என்ன கதை கதைக்கிறாய்?" திவாகரன் எழும்பிவிட்டான். "மருந்து வேலை செய்யும், நாளெடுக்கும் எண்டுதானே டொக்டர் சொன்னவ."

"வேலை செய்யிதுதானே. சமைக்கிறன், குளிக்கிறன், சாகிற யோசனை வாறல்ல. மருந்து இவ்வளவுதான் செய்யும்." அவள் குரல் உயரவில்லை. "நீங்க விடியப் போனா பத்து மணிக்குத்தான் வருவீங்க. மச்சாளும் போனா அதுவரைக்கும் இந்த வீட்டில ஒரு சத்தமும் இராது. அது இப்ப அழுறதையும் குறைச்சிட்டு. நீங்க கவனிக்கல்ல. மச்சாள்ட வீட்ட ஆக்கள் இருக்கிறாங்க. சத்தம் இருக்கு."

சீதேவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "நான்தான் அந்த நாயக் கொண்டுபோய் விடச் சொன்னன்," என்றாள்.

"நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க, மச்சாள்," என்றாள் தனுஷியா. அதில் கோபம் இல்லாததுதான் திவாகரனால் தாங்கமுடியாமல் இருந்தது.

அவன் வேண்டாம் என்றான், கெஞ்சினான், இரண்டு நாள் அவளோடு கதைக்காமலும் இருந்து பார்த்தான். மூன்றாம் நாள் அவனுக்கும் வேறு வழி தெரியவில்லை.

போகிற அன்று தனுஷியா பிள்ளையின் சட்டைகளை அளவு பார்த்து அடுக்கினாள். இப்போது போடுவது மேலே, பெரியது கீழே. போத்தல்களை அவித்துத் துணியில் சுற்றினாள். கிளினிக் கொப்பியைப் பையின் பக்கத்தில் செருகினாள். ஆட்டோ வந்ததும் பிள்ளையைத் தூக்கி அக்காவின் கையில் கொடுத்தாள். உதடு ஒருமுறை அசைந்தது. திவாகரன் கவனித்துக் காத்து நின்றான். சொல் வரவில்லை. அவள் திரும்பி உள்ளே போனாள்.

திவாகரன் ஆட்டோவுக்குப் பின்னால் வந்தாறுமூலை வரைக்கும் போய்விட்டு வந்தான். வரும்போது மூன்று மணி. தனுஷியா சோறு போட்டு வைத்திருந்தாள். இருவரும் எதிரெதிரே இருந்து சாப்பிட்டார்கள்.

"அழுதிச்சா?" என்று கேட்டாள்.

"இல்ல," என்றான். உண்மைதான். பாலம் வருமுன்னமே அக்காவின் தோளில் பிள்ளை நித்திரையாகிவிட்டது. இறக்கும்போது கண் விழித்து, புது வீட்டைப் பார்த்தது; யாரையும் தேடவில்லை. அதை அவன் சொல்லவில்லை.

அவள் தலையாட்டினாள். சாப்பிட்டு முடிய இரண்டு கோப்பைகளையும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். வெகுநேரமாகத் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கழுவ இரண்டு கோப்பைதான் இருந்தது. அவன் எழும்பிப் போய்ப் பார்க்கவில்லை.